கேஸ் மிச்சம், எண்ணெயும் மிச்சம்: உருளைக்கிழங்கை ஈசியாக சமைக்க இதோ வழி!

ஆண்டிபட்டி:

மற்ற காய்கறி விலை ஏறினாலும் இறங்கினாலும் சந்தைப் பையில் தவறாமல் இடம் பிடிப்பது உருளைக்கிழங்கு. ஆண்டிபட்டி, சக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் பகுதிகளில் தறி வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு காலை நேரம் தங்கம் மாதிரி. தறி ஓடத் தொடங்குவதற்குள் சோறு, குழம்பு, பிள்ளைகளுக்கு டிபன் பாக்ஸ் எல்லாம் முடிந்தாக வேண்டும். அந்த அவசரத்தில் பெரும்பாலான வீடுகளில் நடப்பது என்ன? பச்சைக் கிழங்கை நறுக்கி அப்படியே எண்ணெயில் போட்டு அரை மணி நேரம் கிண்டுவதுதான். கேஸ் தீர்கிறது, எண்ணெய் தீர்கிறது. கிழங்கோ பாதி கருகி, பாதி வேகாமல் நிற்கிறது.

தண்ணீர் வேலை வேறு. எண்ணெய் வேலை வேறு

இதற்கு காரணம் ரொம்ப சுலபமானது. 100 கிராம் உருளைக்கிழங்கில் ஏறக்குறைய 80 கிராம் தண்ணீர்தான். மீதியில் பெரும்பகுதி மாவுச்சத்து. அந்த மாவுச்சத்து வேகத் தேவைப்படுவது சூடும் ஈரமும் மட்டுமே. எண்ணெய் தருவது மொறுமொறுப்பும் வாசனையும். ஆகவே முதலில் தண்ணீரிலோ ஆவியிலோ வேக வைத்து, கடைசியில் கொஞ்சம் எண்ணெயில் புரட்டினால் போதும். நேரமும் செலவும் தானாகக் குறையும்.

இன்னொரு விஷயம். தண்ணீர் கொதித்த பிறகு அடுப்பை எவ்வளவு பெரிதாக எரிய விட்டாலும் அதன் சூடு மேலே ஏறாது. கொதி வந்ததும் மூடி போட்டு, லேசாகக் கொதிக்கும் அளவுக்கு சிம்மில் வைத்தாலே கிழங்கு வெந்துவிடும். பெரிய தீயில் கேஸ்தான் வீண்.

நான்கு சுலபமான வழிகள்

1. சோற்றோடு சேர்த்து அவியல்: பெரிய குக்கரில் பாத்திரம் வைத்து சோறு வடிக்காமல் வேக வைக்கும் வீடுகளில், தோலைக் கழுவிய கிழங்கை இரண்டாக வெட்டி இன்னொரு கிண்ணத்தில் போட்டு மேலே வைத்து விடலாம். சோறு வேகும் அதே கேஸில் கிழங்கும் வெந்துவிடும். தோலோடு அவிப்பதால் சத்து தண்ணீரில் அதிகம் கரையாது. தோலும் கையாலேயே உரிந்து வரும்.

2. பொடிமாஸ்: அவித்த கிழங்கை கையால் உதிர்த்துக் கொள்ளவும். இரண்டு ஸ்பூன் எண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, பெருங்காயம் தாளித்து, பொடியாக நறுக்கிய வெங்காயம் வதக்கி, மஞ்சள் தூள், உப்பு சேர்த்து கிழங்கைப் போட்டு ஒரு புரட்டு. 5 நிமிடத்தில் வேலை முடிந்தது. இதையே கொஞ்சம் தண்ணீர் விட்டு, ஒரு ஸ்பூன் கடலை மாவு கரைத்து ஊற்றினால் பூரி, சப்பாத்திக்கு மசால் ரெடி.

3. மூடி போட்ட வறுவல்: அவிக்க நேரம் இல்லையா? கிழங்கை சுண்டு விரல் நகம் அளவுக்கு சின்னதாக நறுக்கவும். துண்டு சின்னதானால் நேரமும் சின்னதாகும். தண்ணீரில் இரண்டு முறை அலசினால் மேலே ஒட்டியுள்ள மாவு போய்விடும், சட்டியில் அடிப்பிடிக்காது. தாளித்து, கிழங்கு, மிளகாய்த் தூள், உப்பு போட்டு, கை நிறைய தண்ணீர் தெளித்து மூடி விடவும். 8 முதல் 10 நிமிடத்தில் ஆவியிலேயே வெந்துவிடும். பிறகு மூடியை எடுத்து, ஈரம் வற்றியதும் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு அதிகம் கிண்டாமல் விட்டால் முறுகலாக வரும். அடிக்கடி கிண்டினால் குழைந்து போகும்.

4. மொச்சைக் குழம்பு: பச்சை மொச்சை வரும் மாதங்களில் அதோடு கிழங்கும் சேர்த்து புளிக்குழம்பு வைக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்றுதான். கிழங்கு வெந்த பிறகே புளி ஊற்ற வேண்டும். புளிப்பு முதலிலேயே சேர்ந்தால், கிழங்கின் சதையைப் பிடித்து வைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் லேசில் இளகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் கிழங்கு நறுக்கென்றே நிற்கும். தக்காளி அதிகம் போடும் குழம்புக்கும் இதே கதைதான்.

எந்தக் கிழங்கு எதற்கு?

கொடைக்கானல் மேல்மலை கிராமங்களான மன்னவனூர், பூம்பாறை பக்கமும், நீலகிரியிலும் உருளைக்கிழங்கு விளைகிறது. ஊட்டி அருகே முத்தோரையில் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் செயல்படுகிறது. வட மாநிலங்களில் இருந்தும் கிழங்கு வருகிறது. பெயர் தெரியாவிட்டாலும் சமைக்கும்போது கண்டுபிடித்து விடலாம். வெந்ததும் மாவாக உதிர்ந்தால் பொடிமாஸுக்கும் மசாலுக்கும் ஏற்றது. உதிராமல் கெட்டியாக நின்றால் குழம்புக்கும் வறுவலுக்கும் ஏற்றது. தோல் லேசாக உரியும் புதுக் கிழங்கில் ஈரம் அதிகம். அது குழம்புக்கு நல்லது.

பச்சை நிறம் வந்தால் உஷார்!

வெளிச்சம் பட்டால் உருளைக்கிழங்கின் தோல் பச்சையாக மாறும். அந்த இடத்தில் சொலனின் என்ற நச்சுப்பொருள் அதிகமாக இருக்கலாம். அவித்தாலும் வறுத்தாலும் இது முழுதாகப் போகாது. அதிகம் சாப்பிட்டால் வாந்தி, வயிற்று வலி, வயிற்றுப்போக்கு வரும். குழந்தைகளுக்கு இன்னும் ஆபத்து. லேசாகப் பச்சை இருந்தால் அந்த இடத்தை ஆழமாக வெட்டி எறிய வேண்டும். பாதிக்கு மேல் பச்சை என்றாலோ, வாயில் வைத்ததும் கசந்தாலோ, நீளமாக முளைத்து சுருங்கி இருந்தாலோ யோசிக்காமல் குப்பையில் போடுங்கள். 10 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஆஸ்பத்திரிக்கு செலவழிக்க வேண்டாம்.

வாங்கி வந்ததும் பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்கக் கூடாது. சாக்குப் பையிலோ கூடையிலோ, வெளிச்சம் படாத, காற்றோட்டமான மூலையில் வைக்க வேண்டும். வெங்காயத்தோடு சேர்த்து வைத்தால் இரண்டும் சீக்கிரம் கெடும். பிரிட்ஜில் வைத்தால் மாவுச்சத்தில் கொஞ்சம் சர்க்கரையாக மாறும். வறுக்கும்போது சட்டென்று கருகிவிடும்.

சுகர் இருப்பவர்கள் கவனத்துக்கு

உருளைக்கிழங்கு காய்கறிக் கணக்கில் வராது. சோறு மாதிரி அதுவும் மாவுதான். தட்டு நிறைய சோறும், அதற்குத் தொட்டுக்கொள்ள கிழங்கும் என்றால் மாவுக்கு மேல் மாவு. சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிழங்கு சமைக்கும் நாளில் சோற்றைக் குறைத்து, கூடவே ஒரு கீரையோ அவரைக்காயோ சேர்த்துக் கொள்வது நல்லது. உருளைக்கிழங்கில் பொட்டாசியம் அதிகம் என்பதால் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டே சாப்பிட வேண்டும்.

மற்றவர்களுக்கு பயம் தேவையில்லை. வயிறு நிறையும், வைட்டமின் சி-யும் கிடைக்கும். நாளை காலை அடுப்பைப் பற்ற வைக்கும்போது இதை மட்டும் நினைவில் வைத்தால் போதும்: முதலில் வேகட்டும், அப்புறம் தாளிக்கலாம்.