கண்ணாடி காட்டிப் பார்த்தீர்களா?

1991-ஆம் ஆண்டு, ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் அய்ன் நகரம். பாலர் பள்ளியிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு காரின் பின்னிருக்கையில் வந்துகொண்டிருந்தார் 32 வயது முனிரா அப்துல்லா. பேருந்து மோதப்போகிறது என்று தெரிந்த நொடியில் நான்கு வயது ஓமரை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். பிள்ளைக்குத் தலையில் சிறு காயம்தான். தாய்க்கு மூளையில் பலத்த அடி.

27 ஆண்டுகள் கழித்து, 2018-இல், ஜெர்மனியில் ஒரு மருத்துவமனை அறை. ஓமருக்கும் அங்கிருந்தவர்களுக்கும் ஏதோ வாக்குவாதம், குரல்கள் உயர்ந்தன. அப்போது படுக்கையிலிருந்து இனம்புரியாத ஒலிகள் எழுந்தன. மூன்று நாள் கழித்து, யாரோ தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டு ஓமர் விழித்துக்கொண்டார். கூப்பிட்டது அம்மா.

அமெரிக்காவின் ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டெர்ரி வாலிஸ் 1984-இல் வாகன விபத்தில் சிக்கினார். 2003 ஜூனில் ஒருநாள், அறைக்குள் வந்த தாயைப் பார்த்து 'அம்மா' என்றார். அடுத்த சொல் 'பெப்சி'. பத்தொன்பது ஆண்டு மௌனம் அப்படிக் கலைந்தது.

இத்தகைய செய்திகள் வரும்போதெல்லாம் ஏதோ ஓர் ஐ.சி.யூ. வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு யாராவது அதை அனுப்பிவைக்கிறார்கள். 'பார், நம்பிக்கையை விடாதே' என்று. அதே வாசலில்தான் 'இனி ஒண்ணும் பண்றதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க' என்ற சொல்லும் வந்து விழுகிறது. எல்லாரும் ஒருநாள் எழுந்துவிடுவார்கள் என்பதும் பொய், யாரும் எழப்போவதில்லை என்பதும் பொய். இந்த இரண்டு பொய்களுக்கு நடுவே, படுத்திருப்பவர் உண்மையில் என்ன நிலையில் இருக்கிறார் என்று முறையாகச் சோதித்துப் பார்க்கும் வேலை பல நேரம் நடக்காமலே போய்விடுகிறது. உயிர்வாழும் உரிமையைப் பற்றிப் பேசுவதென்றால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

'கோமா ஸ்டேஜ்' என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் பல நிலைகள். கோமா என்பது கண் மூடிய ஆழ்மயக்கம். கிள்ளினாலும் கண் திறக்காது. பெரும்பாலும் அது சில வாரங்களுக்கு மேல் நீடிப்பதில்லை. அதற்குள் நோயாளி இறந்துவிடலாம், தெளியலாம், அல்லது கண் மட்டும் திறந்துகொள்ளலாம். அப்படிக் கண் திறந்தவருக்குத் தூக்கமும் விழிப்பும் மாறிமாறி வரும், மூச்சு தானாக ஓடும், ஆனால் தன்னையோ சுற்றத்தையோ உணரும் அறிகுறி இராது. இது உணர்வில்லா விழிப்பு. இதற்கும் தெளிவுக்கும் இடையே இன்னொரு நிலை உண்டு. சில நேரம் கண் ஓர் ஆளைப் பின்தொடரும், சில நேரம் 'கையை அழுத்து' என்றால் விரல் அசையும், மறுநாள் கேட்டால் ஒன்றும் நடக்காது. இதைக் குறை உணர்வு நிலை என்கிறார்கள். 2002-இல்தான் மருத்துவ உலகம் இதற்கென்று இலக்கணம் வகுத்தது. டெர்ரி வாலிஸ் பல ஆண்டுகள் இருந்தது இந்த நிலையில்தான். ஆக, 'பத்தொன்பது ஆண்டு கோமா' என்ற தலைப்புச் செய்தியே பிழை. விளக்கு அணையவில்லை, திரி மிகத் தாழ்ந்து எரிந்துகொண்டிருந்தது.

இந்த நிலைகளைப் பிரித்தறிவதில் மருத்துவர்கள் எவ்வளவு தவறுகிறார்கள் என்பதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. 2009-இல் பெல்ஜியத்தில் ஓர் ஆய்வு. உணர்வில்லா விழிப்பு என்று மருத்துவக் குழு முடிவுகட்டியிருந்த 44 பேரை சி.ஆர்.எஸ்.-ஆர். என்ற முறையான அளவுகோல் வைத்து மறுபடி சோதித்தார்கள். அவர்களில் 18 பேருக்கு உணர்வு இருந்தது. நூற்றுக்கு நாற்பதுக்கும் மேல்! 2024-இல் இன்னொரு ஆய்வு வந்தது. கட்டளைக்கு எந்த அசைவும் காட்டாத 241 பேரிடம், ஒரு செயலைச் செய்வதாக மனத்தில் நினைக்கச் சொல்லி, ஸ்கேனிலோ இ.இ.ஜி.யிலோ இரண்டிலுமோ மூளையைக் கவனித்தார்கள். 60 பேரின் மூளை அந்தக் கட்டளைக்குப் பதில் சொன்னது. உடல் கேட்கவில்லை, ஆனால் உள்ளே ஆள் இருந்தார்.

அந்த ஸ்கேன் எல்லா ஊரிலும் கிடைக்காது. ஆனால் அதற்கு முந்தைய படி காசில்லாதது. முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை நோயாளியின் முகத்துக்கு நேரே பிடித்து மெல்ல இடமும் வலமுமாக நகர்த்த வேண்டும். விரலையோ விளக்கையோ பின்தொடராத கண், தன் முகத்தைப் பின்தொடர்வதுண்டு. மனிதரின் பார்வையை அவர் முகத்தைப் போல் இழுப்பது வேறில்லை என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நரம்பியல் மருத்துவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: 'கண்ணாடி காட்டிப் பார்த்தீங்களா டாக்டர்? சி.ஆர்.எஸ்.-ஆர். அளவுகோல்ல பார்த்தீங்களா? எத்தனை தடவை?' ஒருமுறை பார்த்தால் போதாது. உணர்வு ஏறியிறங்கும் என்பதால் இரண்டு வாரத்துக்குள் ஐந்து முறையாவது பார்க்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். தூக்க மருந்து, காய்ச்சல், வெளியே தெரியாத வலிப்பு, மூளையில் நீர் தேங்குவது ஆகிய எல்லாமே உணர்வை மறைக்கக்கூடியவை. நிலைமையை முடிவு செய்யுமுன் இவற்றைத் தேடிப் பார்த்தாக வேண்டும். கூட இருப்பவர்கள் தாங்கள் கண்ட அசைவை நேரத்தோடு குறித்துவைத்து, செல்போனில் படமெடுத்துக் காட்டலாம். 'அம்மாவுக்கு அப்படித் தோணும்' என்று யாராவது ஒதுக்கினால் விட்டுவிடாதீர்கள்.

ஆனால் அந்தப் படத்தையே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளவும் கூடாது. ஃபுளோரிடாவின் டெர்ரி ஷைவோ 1990-இல் இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் விழுந்தவர். உணவுக்குழாயை எடுத்துவிடலாம் என்றார் கணவர். கூடாது, மகள் எங்களைப் பார்க்கிறாள் என்றார்கள் பெற்றோர். அவர் கண் ஒரு பலூனைப் பின்தொடர்வது போன்ற காணொளி உலகெங்கும் ஓடியது. அமெரிக்க நாடாளுமன்றம் இரவோடு இரவாகத் தனிச்சட்டம் போட்டது, அதிபர் புஷ் விடுமுறையை விட்டு வந்து கையெழுத்திட்டார். நீதிமன்றங்கள் அசையவில்லை. குழாய் எடுக்கப்பட்டு 2005 மார்ச் 31 அன்று அவர் இறந்தார். பிரேதப் பரிசோதனையில் மூளையின் எடை 615 கிராம் இருந்தது, இருக்க வேண்டியதில் ஏறத்தாழ பாதி. பார்வைக்குரிய பகுதியும் அழிந்திருந்ததால் அவரால் எதையும் பார்த்திருக்க முடியாது என்றும் மருத்துவர்கள் எழுதினார்கள். அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. ஆசை அவர்களுக்கு அப்படிக் காட்டியது.

வாலிஸின் தாய் கண்டது மெய்யாகவும் ஷைவோவின் தாய் கண்டது மாயமாகவும் போனதற்குப் பெரிய காரணம் அடி எப்படிப்பட்டது என்பதுதான். விபத்தில் மூளை குலுங்கும்போது பெரும்பாலும் அறுபடுவது செல்களை இணைக்கும் நரம்பிழைகள். செல்கள் பல இடங்களில் பிழைத்திருக்கும். வாலிஸின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்து 2006-இல் ஆய்வு வெளியிட்டவர்கள், அந்த இழைகள் மெல்ல மெல்லப் புதிதாக வளர்ந்திருப்பதற்கான தடயம் கண்டார்கள். இதயம் நின்றோ கழுத்து நெரிபட்டோ ஆக்சிஜன் நின்றால் செல்களே சாகின்றன. அங்கே திரும்பி வர வழி மிகக் குறைவு. அமெரிக்க நரம்பியல் கழகம் 2018-இல் 'நிரந்தரம்' என்ற சொல்லைக் கைவிட்டு 'நாட்பட்ட நிலை' என்று மாற்றியபோதும் இந்த வேறுபாட்டை விடவில்லை. விபத்துக்காரருக்குப் பன்னிரண்டு மாதம், மற்றவருக்கு மூன்று மாதம் கழிந்த பிறகே அந்தப் பெயர். விபத்தில் அடிபட்ட இருபது வயதுப் பிள்ளைக்கு இரண்டாம் மாதமே கதவைச் சாத்துகிறார்கள் என்றால் அங்கே பெற்றோர் எதிர்த்துக் கேட்க நியாயம் இருக்கிறது.

மூளைச்சாவை இவற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். 'முனிரா எழுந்தாங்களே, எங்க பையனை ஏன் செத்துட்டான்னு சொல்றீங்க?' என்று கதறும் குடும்பங்கள் உண்டு. மூளைத்தண்டு செயலிழந்தவருக்கு மூச்சே தானாக ஓடாது, இயந்திரம்தான் நெஞ்சை அசைக்கிறது. நம் நாட்டின் 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு மருத்துவர் குழு, குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்க வேண்டும். அந்த இரண்டு சோதனைகளும் நடந்தனவா என்று கேட்பது உங்கள் உரிமை. முறையாக நடந்திருந்தால் அது மரணம். முனிராவின் கதை அதற்குப் பொருந்தாது.

நம்பிக்கையை விற்பவர்களையும் கவனியுங்கள். பெல்ஜியத்தில் ரோம் ஹூபன் என்பவர் பல்லாண்டு உணர்வின்றிக் கிடப்பதாகக் கருதப்பட்டு, உள்ளே உணர்வோடு இருக்கிறார் என்று பின்னர் ஸ்கேனில் தெரிந்தது. அது உண்மை. ஆனால் உதவியாளர் ஒருவர் அவர் விரலைப் பிடித்து விசைப்பலகையில் தட்டி, அவர் பேசுவதாக உலகுக்குக் காட்டிய நீண்ட வாக்கியங்கள் எல்லாம் உதவியாளருடையவை என்று 2010-இல் சோதனையில் வெளிப்பட்டது. ஒரு மனிதரின் மௌனத்தை வேறொருவர் எழுதி நிரப்பியதைவிடக் கொடிய அத்துமீறல் எனக்குத் தோன்றவில்லை.

இனி சட்டம். நம் நாட்டில் சிகிச்சையை நிறுத்துவது பற்றிய வழக்கு என்றாலே நினைவுக்கு வரும் பெயர் அருணா ஷான்பாக். மும்பை கே.இ.எம். மருத்துவமனைச் செவிலியர். 1973 நவம்பர் 27 அன்று வார்டு பாய் ஒருவன் நாய்ச்சங்கிலியால் அவர் கழுத்தை நெரித்தான். அப்போது அவருக்கு வயது 25. அவருக்கு உணவூட்டுவதை நிறுத்தும்படி எழுத்தாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். கூடாது என்று நின்றவர்கள் அதே மருத்துவமனையின் செவிலியர்கள். அருணாவைப் பார்த்துக்கொண்டவர்களில் பலர் அவர் விழுந்த பிறகு வேலைக்கு வந்தவர்கள். அத்தனை ஆண்டுகளில் ஒரு படுக்கைப் புண்கூட வராமல் காத்தவர்கள். 2011 மார்ச் 7 அன்று நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்று மனுவைத் தள்ளியது. ஆனால் அதே தீர்ப்பில், தகுந்த நேர்வுகளில் உயர் நீதிமன்ற அனுமதியோடு உயிர்காப்புச் சிகிச்சையை நிறுத்தலாம் என்றும் வழி திறந்தது. அருணா 2015 மே 18 அன்று நிமோனியாவில் இறந்தார்.

2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு இறப்பதும் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவுக்குள் வரும் என்றது. 2023 ஜனவரியில் நடைமுறையை எளிதாக்கினார்கள். சிகிச்சை பயனற்றது என்று முதலில் மருத்துவமனையின் குழு சொல்ல வேண்டும். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், ஐந்தாண்டு அனுபவமுள்ள துறை வல்லுநர் இருவரும் அதில் இருப்பார்கள். பிறகு மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒருவரோடு, முதல் குழுவில் இல்லாத இருவரும் கொண்ட இரண்டாம் குழு பார்க்க வேண்டும். குடும்பத்தின் சம்மதம் வேண்டும். நடுவர் நீதிமன்றத்துக்குத் தெரிவித்த பிறகே நிறுத்தலாம். குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். முன்கூட்டியே எழுதிவைக்காதவருக்கும் இந்த வழி உண்டு. ஊசி போட்டுக் கொல்வது எந்த நிலையிலும் சட்டத்துக்குப் புறம்பு.

இந்த வேறுபாட்டைத்தான் 'கருணைக் கொலை' என்ற நம் சொல் குழப்பிவிட்டது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனுக்களில் இந்தச் சொல்லோடு வருகிறவர்களுக்கு ஆட்சியரால் அப்படி அனுமதி தர இயலாது. அந்த மனுக்களில் பலவற்றைப் பிரித்துப் படித்தால் சாவைக் கேட்டிருக்க மாட்டார்கள். மருந்துக்குக் காசில்லை, மாற்றிப் படுக்கவைக்க ஆளில்லை என்றுதான் எழுதியிருப்பார்கள். அந்தக் குறைக்குக் கதவு வேறு இடத்தில் இருக்கிறது. தமிழ்நாடு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள், அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். விபத்து என்றால் இழப்பீட்டு வழக்கில் இதுவரையான செலவோடு, ஆயுள் முழுக்கத் துணைக்கு இருக்கப்போகிறவரின் கூலியையும் கேளுங்கள். இதையெல்லாம் சொல்லாமல், தென்மாவட்டங்களில் இன்னும் காதில் விழும் 'தலைக்கூத்தல்' என்ற சொல்லைப் பற்றி நாம் முகம் சுளிப்பதில் பொருளில்லை. எண்ணெய்க் குளியலும் இளநீரும் கொடுத்து முதியவரை முடித்துவிடுவது கொலைதான். அந்த வீட்டில் பல மாதம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்பதும் உண்மைதான்.

இன்னொரு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். கணவர் கோமாவில் கிடப்பார், சிகிச்சைக்கு வீட்டை விற்க வேண்டும், பத்திரம் அவர் பெயரில் இருக்கும். வங்கியும் கையெழுத்து கேட்கும். இந்த நிலையில் இருப்பவருக்குக் காப்பாளர் நியமிக்கத் தனிச் சட்டம் நம்மிடம் இல்லை. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அப்படி வந்த ஒரு மனைவியை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அலையவிடாமல், கணவரின் காப்பாளராக நியமித்துச் சொத்தை விற்கவும் அனுமதித்தது. ரிட் மனுவாகவே இதைக் கேட்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாத பெண்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக உதவி பெறலாம்.

நீங்கள் நன்றாக இருக்கும்போதே செய்யக்கூடியது முன்விருப்ப ஆவணம். பதினெட்டு வயது நிரம்பிய, தெளிந்த மனமுள்ள எவரும் எழுதலாம். எந்த நிலையில் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதையும், முடிவெடுக்க வேண்டியவர் பெயரையும் எழுதி, இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு, நோட்டரியிடமோ கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று பெற வேண்டும். பிரதி ஒன்று நீங்கள் பெயர் குறிப்பிட்டவரிடமும், ஒன்று உங்கள் குடும்ப மருத்துவரிடமும், ஒன்று ஊராட்சி அல்லது மாநகராட்சி அலுவலரிடமும் இருக்கட்டும். எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் மாற்றிக்கொள்ளலாம்.

நான் என்னுடையதை எழுதி முடித்துவிட்டேன். விபத்து என்றால் ஓராண்டு பொறுங்கள், கண்ணாடி காட்டிப் பாருங்கள், ஐந்து முறைக்குக் குறையாமல் சோதியுங்கள், அதற்கப்புறம் இரண்டு குழுக்களும் பயனில்லை என்று சொன்னால் என்னை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். முடிவெடுக்கத் தங்கை பெயரைப் போட்டேன். ஏன் தன் பெயர் இல்லை என்று மகன் கேட்டான். 'உன்னால போதும்னு சொல்ல முடியாதுடா' என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாட்சிக் கையெழுத்துக்குப் பக்கத்து வீட்டு சாரைக் கூப்பிட அவனே போனான்.