கினிக்கோழிகளின் வளர்ச்சி: ஓர் ஒப்பீடு

ஒரு பண்ணையில் பன்னிரண்டு வார வயதுடைய கினிக்கோழி ஒரு கிலோ எடையுடன் நிற்கிறது. மற்றொரு பண்ணையில் அதே வயதுடைய பறவை ஒன்றரைக் கிலோவைக் கடந்துவிடுகிறது. இவ்விரண்டில் சிறந்தது எது? எடையை மட்டும் நோக்கி விடை கூறினால் பிழை நேரும்.

இருவேறு நோக்கங்கள்

கினிக்கோழியின் தாயகம் ஆப்பிரிக்கா. பிரான்சு நாட்டினர் இறைச்சித் தேவைக்காக, விரைந்து வளரும் பறவைகளையே தலைமுறைதோறும் தெரிந்தெடுத்துப் பெருக்கினர். அவ்வாறு உருவான கனத்த வகைகள் பன்னிரண்டு வாரங்களில் ஒன்றரைக் கிலோவிற்கு மேல் எடை பெறுகின்றன. ஆயின், அவ்வளர்ச்சிக்குச் சத்துமிக்க தீவனமும் நல்ல கொட்டகையும் வேண்டும்.

இந்தியாவில், உத்தரப்பிரதேசத்தின் இசத்நகரிலுள்ள மத்தியப் பறவையின ஆராய்ச்சி நிறுவனம் காதம்பரி, சிதம்பரி, சுவேதாம்பரி என்னும் மூன்று வகைகளை உருவாக்கியது. முதலாவது வெண்புள்ளிகள் நிறைந்தது, இரண்டாவது வெளிர்சாம்பல் நிறத்தது, மூன்றாவது வெண்ணிறத்தது. இவை எளிய கொட்டகையிலும் வளர்வன. புழக்கடையில் பூச்சி, புழு, களைவிதை முதலியவற்றை மேய்ந்து தம் உணவின் ஒரு பகுதியைத் தாமே தேடிக்கொள்வன.

வளர்ச்சியின் போக்கு

இவ்விந்திய வகைகள் எட்டு வாரங்களில் 500 முதல் 550 கிராம் வரையும், பன்னிரண்டு வாரங்களில் 900 முதல் 1000 கிராம் வரையும் எடை பெறும். அதாவது, இடைப்பட்ட நான்கு வாரங்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 15 கிராம் கூடுகிறது. இவ்வேகம் நீடிப்பதில்லை. குஞ்சுப் பருவத்தில் மெதுவாகத் தொடங்கும் வளர்ச்சி, இடையில் விரைந்து, முதிர்ச்சி நெருங்குகையில் தளர்கிறது. அதன்பின் உண்ணும் தீவனத்தில் பெரும்பகுதி உடலைப் பேணுவதற்கே செலவாகும். எனவே, இறைச்சிக்கு விற்கும் காலத்தைக் கடத்தினால் வளர்ப்பவருக்கே இழப்பு.

நேர்மையான ஒப்பீடு

இரு வகைகளை ஒப்பிடுகையில், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளைத் தெரிந்து, ஒரே தீவனமும் ஒரே இடவசதியும் அளித்தல் வேண்டும். ஆண், பெண் எண்ணிக்கையும் இருபுறமும் ஒத்திருத்தல் வேண்டும். நாட்டுக்கோழியில் சேவலே பெரிது; கினிக்கோழியிலோ பெட்டை சேவலுக்கு நிகராகவோ சற்றுக் கூடுதலாகவோ எடை பெறுவதுண்டு. ஆதலால், உருவத்தைக் கொண்டு பாலினத்தை உறுதிசெய்ய இயலாது. ஈரசையாக ஒலிக்கும் குரலே பெட்டையை அடையாளம் காட்டும்.

தீவனம் வாங்க வசதியுள்ள பெரும்பண்ணைக்குக் கனத்த வகை ஏற்றது. சிறுமுதலுடன் புழக்கடையில் வளர்க்கும் குடும்பத்திற்கோ, குறைந்த செலவில் வளரும் பறவையே வாழ்வாதாரம். எவ்வளவு எடை என்பதோடு, எவ்வளவு செலவில், எத்தனை நாளில் என்றும் வினவுவோமாக.