கட்டம் வரைந்து கணக்கறிதல்

விடுமுறையில் தோ பாயோவில் என் தமக்கை வீட்டில் தங்கியிருந்தேன். தொடக்கநிலை நான்கில் பயிலும் அவர் பேரன் ஒரு கணக்கோடு அமர்ந்திருந்தான். முருகனிடம் கண்ணனைவிட 12 கோலிகள் அதிகம், இருவரிடமும் சேர்த்து 48, கண்ணனிடம் எத்தனை?

எங்கள் தோட்டத்துப் பள்ளியில் மாணாக்கர் பலர், 'அதிகம்' என்ற சொல்லைக் கண்டதும் கூட்டி, 60 என்பர். குற்றம் அவர்களுடையதன்று. 'மொத்தம் என்றால் கூட்டு, மீதம் என்றால் கழி' என்று அட்டவணை எழுதி வகுப்புச் சுவரில் மாட்டியவன் நானே. பயிற்சிக்கு வந்த இளம் ஆசிரியர்களுக்கும் அதையே காட்டினேன்.

சிறுவனோ முதலில் ஒரு நீள்கட்டம் வரைந்தான், அது கண்ணன். அதன்கீழ் அதே நீளத்தில் மற்றொன்று வரைந்து, நுனியில் 12 எனச் சிறு துண்டு சேர்த்தான், அது முருகன். 48இல் துண்டை நீக்கினால் 36. அது ஒத்த இரு கட்டங்கள். ஆகவே கண்ணனிடம் 18. சொல்லைப் பார்த்துக் கூட்டவில்லை. உறவைப் பார்த்துப் பிரித்தான்.

இம்முறை 1980களில் சிங்கப்பூர்ப் பாடத்திட்ட மேம்பாட்டுக் கழகத்தில் கோ தெக் ஹோங் தலைமையிலான குழுவினர் வகுத்தது. பொருளைக் கையாளுதல், படம் வரைதல், பின்னரே குறியீடு என்னும் படிமுறை அமெரிக்க உளவியலறிஞர் ஜெரோம் புரூனரின் கருத்தைத் தழுவியது. 1995இல் நடந்த அனைத்துலகக் கணித ஆய்வில் நான்காம் வகுப்பில் சிங்கப்பூர் முதலிடம் பெற்றபின், இங்கிலாந்தும் அமெரிக்காவும் இக்கட்டங்களை நாடின. ஜப்பானியரும் நாடாப் படம் என இதற்கு நெருங்கிய ஒன்றை வரைகின்றனர்.

ஆயினும், கட்டம் வரைவதையும் நாம் மனப்பாடச் சடங்காக்கிவிடக் கூடும். கணக்கிலிருந்து மீண்டும் வாழ்க்கைக்குத் திரும்பும் படி ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் 13 வயதினரிடம், 1128 வீரரை ஏற்ற, 36 பேர் அமரும் பேருந்துகள் எத்தனை வேண்டும் எனக் கேட்டனர். பெரும்பாலோர் சரியாகவே வகுத்தனர். ஆனால் 32 எனச் சொன்னவர் கால் பகுதிக்கும் குறைவு. '31, மீதி 12' என்று எழுதியவர் அவர்களினும் மிகுதி! சிங்கப்பூரின் 2007ஆம் ஆண்டுப் பாடத்திட்டம் 'பயன்பாடும் மாதிரியமைத்தலும்' என்று தனியே குறித்தது இப்படியை நோக்கியே.

நானும் பேரனைச் சோதித்தேன். மின்தூக்கியில் 8 பேர் ஏறலாம்; கீழே 25 விருந்தினர்; எத்தனை முறை போகவேண்டும்? "மூன்று, மீதி ஒன்று" என்றான்.

"அந்த ஒருவர் பத்தாம் மாடிக்கு நடந்தா வருவார்?"

சிரித்து, 4 என மாற்றினான். சற்றுப் பொறுத்து, "தாத்தா, தூக்கி வைத்திருக்கிற குழந்தையும் அந்த 25இல் சேர்த்தியா?" என்றான்.

அக்கேள்விக்கு என் அட்டவணையில் இடமில்லை.