புதுச்சேரிக்கு வந்து சேர 8 ஆண்டு, 1 நாள்! தெரியுமா?

பாரிஸில் விமானம் ஏறினால் மறுநாள் சென்னை. அங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரம் வந்தால் புதுச்சேரி. இதற்கே உடம்பு வலி, தூக்கம் கெட்டது என்று இரண்டு நாள் படுத்துவிடுகிறோம்! ஆனால், பிரான்ஸில் கப்பல் ஏறிய ஒருவர் புதுச்சேரி மண்ணை மிதிக்க எட்டு ஆண்டுகள் ஆயின. தெரியுமா? அவர் பெயர் கியோம் லெ ஜாந்தி. வானியலாளர். வந்த வேலை என்ன? சில மணி நேரம் சூரியனைப் பார்ப்பது!

ஒரு கரும்புள்ளிக்காக ஒரு கடல் பயணம்!

விடியற்காலையில் நாம் பார்க்கும் அதே விடிவெள்ளி, மிக அரிதாகச் சூரியனுக்கும் பூமிக்கும் நேர் நடுவே வரும். அப்போது சூரிய வட்டத்தின்மேல் அது சிறு கரும்புள்ளியாக நகர்ந்து போகும். எட்டு ஆண்டு இடைவெளியில் இரண்டு முறை நடக்கும். அப்புறம் நூறு ஆண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும்! பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து இந்த நகர்வை நொடி பிசகாமல் அளந்தால், சூரியன் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கணக்கிட்டுவிடலாம். வழி சொன்னவர் எட்மண்ட் ஹாலி, 1716-இல். ஆம், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான்! 1761 ஜூன் 6 அன்று வெள்ளி சூரியனைக் கடக்கவிருந்தது. லெ ஜாந்திக்குப் பிரெஞ்சு அறிவியல் கழகம் குறித்த இடம் புதுச்சேரி.

ஊர் கண்ணில் படுமுன்னே ஊர் கைமாறிவிட்டது!

1760 மார்ச் 26 அன்று பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். ஜூலையில் மொரீஷியஸ். அங்கே வயிற்றுக்கடுப்பில் விழுந்தார். பிரான்ஸும் இங்கிலாந்தும் கடலெங்கும் போரிட்டுக்கொண்டிருந்ததால் புதுச்சேரிக்குக் கப்பலே கிடைக்கவில்லை. 1761 மார்ச்சில் ஒரு போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்று எதிர்த்து அடிக்க, கப்பல் அரபிக்கடலில் வாரக்கணக்கில் அலைந்தது. மே 24 அன்று, பிரெஞ்சுக்காரரிடம் இருந்த மேற்குக் கரை ஊரான மாஹேயின் கடலோரம் வந்தபோதுதான் இடிபோல் செய்தி: மாஹே ஆங்கிலேயர் கையில், புதுச்சேரியும் ஆங்கிலேயர் கையில்! ஜனவரியிலேயே ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் படையிடம் ஊர் சரணடைந்திருந்தது. கப்பல் வந்த வழியே திரும்பியது.

ஜூன் 6 விடிந்தது. வானம் பளிச்சென்று இருந்தது. சூரியன்மேல் வெள்ளி நகர்வதைக் கண்ணாரக் கண்டார். ஆனால் நின்றது நடுக்கடலில்! ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் ஓடாது. நேரம் துல்லியமாகத் தெரியாமல், இடமும் துல்லியமாகத் தெரியாமல் பார்த்த பார்வை கணக்குக்கு உதவாது.

அடுத்த கடப்புக்காக அங்கேயே தங்கினார்!

வேறு யாராக இருந்தாலும் ஊர் திரும்பியிருப்பார்கள். இவர் 1769-இல் வரும் அடுத்த கடப்பைப் பார்த்துவிட்டே திரும்புவேன் என்று இந்தியப் பெருங்கடலிலேயே தங்கிவிட்டார்! மடகாஸ்கர் கரையை அளந்தார். கடப்பைப் பார்க்க 1766-இல் மணிலா போனார். அங்கிருந்த ஸ்பானிய ஆளுநருக்கு இவர்மேல் சந்தேகம். மணிலாவை விட்டுக் கிளம்பினார். அதற்குள் 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி புதுச்சேரி பிரெஞ்சுக்காரருக்கே திரும்பியிருந்தது. 1768 மார்ச் 27 அன்று புதுச்சேரியில் வந்து இறங்கினார். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: 8 ஆண்டு, 1 நாள்!

அவர் கண்ட ஊர் இடிபாட்டு மேடு. ஆங்கிலேயர் தரைமட்டமாக்கிவிட்டிருந்தார்கள். நாம் இன்று நின்று படம் எடுக்கும் வெள்ளை நகரத்து மஞ்சள் வீடுகள் எல்லாம் அந்த அழிவுக்குப் பின் எழுந்த ஊரின் வீடுகள்தான்! ஆளுநர் லா த லொரிஸ்தோன் உதவியால் பழைய கோட்டையின் இடிபாட்டின்மேல் லெ ஜாந்திக்கு ஒரு வானாய்வுக் கூடம் எழுந்தது. இன்னொரு வியப்பு: அந்த ஊரை இடித்த அதே ஆங்கிலேயர்கள், சென்னையிலிருந்து அவருக்கு நல்ல தொலைநோக்கி ஒன்றை அனுப்பினார்கள்!

சோழி அடுக்கிக் கிரகணம் சொன்ன தமிழர்!

காத்திருந்த நாட்களில் அவர் நம்மவர்களிடம் கணக்குப் படித்தார். தாளும் இல்லை, எழுதுகோலும் இல்லை. அவர்கள் தரையில் சோழிகளை வரிசையாக வைத்து, மனப்பாடச் சூத்திரங்களை வாயால் சொல்லிக்கொண்டே கிரகணம் கணித்ததைக் கண்டு அசந்துபோனார். அவர் வருமுன் நடந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது? தமிழ்க் கணக்கு 41 நொடி குறைவாகச் சொன்னது. ஐரோப்பாவின் புகழ்பெற்ற தோபியாஸ் மேயர் அட்டவணையோ 68 நொடி கூடுதலாகச் சொன்னது! ஐரோப்பிய அட்டவணை தோற்றதை லெ ஜாந்தி மறைக்கவில்லை. இந்தியப் பயணத்தைப் பற்றி 1779-லும் 1781-லும் வெளிவந்த அவரது இரண்டு பெரிய தொகுதிகளில் இந்திய வானியலுக்கு விரிவான இடம் கொடுத்தார்.

வெண்ணெய் திரண்டு வரும்போது…

1769 ஜூன் 4, ஞாயிறு. கடப்பு நாள். சூரியன் உதிக்கும்போதே வெள்ளி அதன்மேல் இருக்கும். காலை ஏழு மணி வாக்கில் விலகும். மே மாதம் முழுக்க விடியற்காலை வானம் கண்ணாடி போல் தெளிந்திருந்தது. ஜூனில் மேற்கே கொட்டும் பருவமழையை மலைத்தொடர் தடுத்துவிடும். இந்தக் கரையில் வெயில்தான். அன்று அதிகாலை இரண்டு மணிக்குக் கடல் இரைச்சல் கேட்டு விழித்தார். நிமிர்ந்து பார்த்தால் வானமெங்கும் மேகம்! விடியும் நேரத்தில் காற்று வீசியது. மேகம் கலையவில்லை, திரண்டது. வெள்ளி விலகிப் போயிற்று. அதன்பின் வெயில் அடித்தது பாருங்கள், அன்று நாள் முழுக்க! அவர் விட்டு வந்த மணிலாவில் அன்று காலை வானம் தெளிவாக இருந்தது. இரண்டு வாரத்துக்கும் மேலாக அவரால் பேனாவைத் தொட முடியவில்லை.

1771 அக்டோபர் 8 அன்று பிரான்ஸ் எல்லையை மிதித்தார். இறந்துவிட்டார் என்று சொல்லி வாரிசுகள் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தார்கள். அறிவியல் கழகத்தில் அவர் இடமும் போயிருந்தது. இடம் திரும்பக் கிடைத்தது. திருமணம் ஆயிற்று, ஒரு பெண் குழந்தையும் பிறந்தது. நிலவில் ஒரு பள்ளத்துக்கு இன்று அவர் பெயர்!

கடைசியாக ஒன்று!

வெள்ளி கடைசியாகச் சூரியனைக் கடந்தது 2012 ஜூன் 6 காலை. அடுத்தது 2117 டிசம்பர் 11. அன்றும் புதுச்சேரிக் கடலிலிருந்து சூரியன் எழும்போதே அதன்மேல் வெள்ளி இருக்கும். முற்பகல் வரை தெரியும். ஆனால் அது கார்த்திகை மாதம், நமக்கு மழைக்காலம்! அன்று கடற்கரைச் சாலையில் நிற்கப்போகும் நம் கொள்ளுப்பேரப் பிள்ளைகளுக்கு லெ ஜாந்தியின் கதையைச் சொல்லி வையுங்கள். மேகத்தைப் பார்த்துப் பாதியில் வீடு திரும்பாமல் இருப்பார்கள்.