பேக் பட்டன் எங்கே கொண்டுபோகும்?

அமெரிக்காவின் ஜெனித் நிறுவனம் 1956இல் கொண்டுவந்த ‘ஸ்பேஸ் கமாண்ட்’ ரிமோட்டில் நான்கே பட்டன்கள். பேட்டரி கிடையாது. பட்டனை அழுத்தினால் உள்ளே குட்டிச் சுத்தியல் ஒன்று அலுமினியக் கம்பியைத் தட்டும். நம் காதுக்கு எட்டாத மீயொலி எழும். அதைக் கேட்டு டிவி சேனலை மாற்றும். கம்பிக்குக் கம்பி நீளம் வேறு, ஒலியும் வேறு. ராபர்ட் ஆட்லர் வடிவமைத்த அந்தக் கருவியில் ஒரு பட்டனுக்கு ஒரே வேலைதான். அதை மாற்றுவதென்றால் கம்பியைத்தான் அறுக்க வேண்டும்!

இன்றைய ரிமோட் அனுப்புவது வெறும் எண். அகச்சிவப்பு ரிமோட்டாக இருந்தால், பெரும்பாலும் நொடிக்குச் சுமார் 38,000 முறை துடிக்கும் ஒளியை விட்டுவிட்டு அனுப்பி, ‘பேக் அழுத்தியாயிற்று’ என்று சொல்லும். அத்தோடு சரி. திரையில் என்ன ஓடுகிறது என்று அதற்குத் தெரியாது. அந்த எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பது அப்போது திறந்திருக்கும் ஆப்.

வம்பு இங்கேதான். ஒரு தொடரின் நாலாவது எபிசோடில் இருக்கிறீர்கள். பேக் அழுத்தினால் ஒரு ஆப் எபிசோட் பட்டியலைக் காட்டும். இன்னொன்று நேரே முகப்புக்கு ஓடும். வேறொன்றில் முதல் அழுத்தலில் அடிப்பட்டை மறைவதோடு சரி. “நிஜமாகவே வெளியேற வேண்டுமா?” என்று, கிளம்பும் விருந்தாளியை வாசலில் மறிக்கும் மாமாபோலக் கேட்கும் ஆப்களும் உண்டு. இப்படி மறித்துக் கேட்கக் கூடாது என்றே ஆண்ட்ராய்டு டிவிக்கான கூகுளின் வழிகாட்டுதல் சொல்கிறது. பேக்கை அழுத்திக்கொண்டே போனால் கடைசியில் டிவியின் முகப்புக்கு வந்தாக வேண்டும். ஆப்பிள் டிவி ரிமோட்டிலோ 2021 வரை அந்தப் பட்டனின்மேல் ‘மெனு’ என்றே எழுதியிருந்தது. செய்ததென்னவோ பெரும்பாலும் பின்னால் போகும் வேலை. பிறகுதான் அந்த இடத்துக்குப் பின்நோக்கிய குறி வந்தது.

அம்புக்குறிகளின் பாடும் இதேதான். ‘விக்ரம்’ என்று தேட, ஆங்கிலத்தில் ஆறு எழுத்து தட்ட வேண்டும். வரிசைக்கு ஆறு எழுத்தாக அகரவரிசையில் அடுக்கிய பலகையில், ‘ஏ’யில் தொடங்கினால், 22 நகர்வில் வேலை முடியும். இருபத்தாறும் ஒரே நீள வரிசையில் நின்றால் 72 நகர்வு! ‘இசட்’டைத் தாண்டியதும் மறுபடி ‘ஏ’வுக்குச் சுற்றிவரும் வரிசை என்றால் 48. சுற்றுமா, ஓரத்தில் முட்டி நிற்குமா என்பது ஆப்புக்கு ஆப் மாறும். அழுத்திப் பார்த்தால்தான் தெரியும்.