கரிசல்காட்டு வீட்டுக்கு மழைத் தண்ணி



2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நம்ம மாவட்டத்துல யாரும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அது ஒரு வருஷ மழையை விட அதிகம். தாமிரபரணியில் வந்த வெள்ளத்தில் ஆற்றோரத்துக் குடிநீர்த் திட்டங்கள் பல பழுதாகிவிட்டன. எங்க வீட்டு வாசல்ல முழங்கால் அளவு தண்ணி நின்னது, ஆனா குழாயில சொட்டுத் தண்ணி வரல. அம்மா குடத்தை வச்சுக்கிட்டு அங்கயும் இங்கயும் அலையுறாங்க. ஆச்சி மட்டும் பதறவே இல்ல. அண்டாவை விளக்கிச் சாய்ப்புக்குக் கீழ வச்சிட்டு, "ஏட்டி, அந்தப் பழைய வேட்டிய எடுத்துட்டு வா" என்றார்கள். அண்டா வாயில வேட்டியைக் கட்டிப் பிடிச்ச தண்ணியைக் காய்ச்சித்தான் நாலு நாள் குடிச்சோம்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. கோவில்பட்டியில் நாம் குடிப்பது சீவலப்பேரியில் இருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணி. பொதிகை மலையில் பிறந்த ஆற்றை மோட்டார் வைத்து, கரண்ட் செலவழித்து, இந்த மேட்டுக் காட்டுக்கு ஏற்றிக் கொண்டு வருகிறார்கள். ஆனா நம்ம தலைக்கு மேலயே விழுற தண்ணிய ஏன் வாறுகாலுக்கு விடுறோம்?

"எங்க வீட்டுலதான் மழைநீர்த் தொட்டி இருக்கே" என்று நீங்கள் சொல்லலாம். தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு வேண்டும் என்று 2003-ல் சட்டம் வந்தது. எங்க வீட்டுலயும் அப்பத்தான் ஒரு குழி தோண்டி, ஜல்லி போட்டு, மாடிக் குழாயை அதுக்குள்ள விட்டாங்களாம். மழை பெஞ்சா அந்தக் குழி சீக்கிரம் நிரம்பி வழியும். தண்ணி கீழே இறங்கவே இறங்காது. ரொம்ப நாள் அதைக் கட்டினவர்தான் சரியாக் கட்டலைன்னு நினைச்சிருந்தேன். காரணம் நம்ம மண்ணுதான்!

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இரண்டு தண்ணீர் பாட்டில்களின் அடிப்பாகத்தை வெட்டிவிட்டு, வாயில் துணி கட்டித் தலைகீழாக நிறுத்துங்கள். ஒன்றில் ஆற்று மணல், ஒன்றில் பொடித்த கரிசல் மண். இரண்டிலும் ஒரு டம்ளர் தண்ணி ஊற்றுங்கள். மணலில் ஊற்றியது உடனே கீழே வந்துவிடும். கரிசலில் ஊற்றியது மேலேயே தேங்கி நிற்கும், நீங்க சாப்பிட்டுட்டே வந்துரலாம்.

புவியியல் புத்தகத்தில் ரீகர் மண் என்று படித்தோமே, அதுதான் நம்ம கரிசல். இதில் களிமண் அதிகம். மான்மோரில்லோனைட் என்ற களிமண் கனிமம் புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கு அடுக்காக இருக்கும். அடுக்குகளுக்கு நடுவில் தண்ணி புகுந்ததும் மண் ஊதிப் பெருக்கும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காடெல்லாம் கால் நுழையிற அளவு வெடிப்பு விடுறது இதனால்தான். முதல் மழை அந்த வெடிப்பு வழியே உள்ளே இறங்கும். பிறகு மண் ஊதி வெடிப்பு மூடிக்கொள்ளும். அதற்கு மேல் பெய்வது பெரும்பாலும் ஓடிப் போகும். அதனால் வெறும் கரிசலில் மட்டும் தோண்டிய குழி பிரயோஜனப்படாது. கரிசலைத் தாண்டிச் சரளையோ சுக்கானோ தட்டுப்படும் வரை ஆழமாய்த் தோண்டி, கூழாங்கல்லும் மணலும் நிரப்பினால் ஓரளவு இறங்கும்.

இதில் ஒரு வேடிக்கை. தண்ணியைக் கீழே விடாத அதே குணம்தான் நம்ம ஊருணிகளைக் காப்பாற்றியது. களிமண் தரை ஒழுகாது. கரிசல் கிராமங்களில் கிணத்துத் தண்ணி பல இடத்தில் உப்பாக இருக்கும், ஊருணித் தண்ணி நல்ல தண்ணி. இந்த மண்ணில் மழையை மேலேயே பிடித்து வைக்கணும் என்று நம்ம முன்னோர்கள் தெரிஞ்சு வச்சிருந்தாங்க. வீட்டுல நாம செய்ய வேண்டியதும் அதேதான். ஒரு டிரம் போதும், அதுதான் குட்டி ஊருணி.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் இடத்தில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். 20 அடிக்கு 15 அடி உள்ள கூரை ஏறக்குறைய 28 சதுர மீட்டர். ஐந்தில் ஒரு பங்கு சிந்தி வீணாகும் என்று வைத்தாலும், 9 மில்லிமீட்டர் மழைக்கு 200 லிட்டர் டிரம் நிரம்பிவிடும். 15 லிட்டர் குடத்தில் 13 குடம்! நமக்கு முக்கியமான மழை ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழை. அதற்கு முன்பே கூரையைக் கூட்டிச் சுத்தம் செய்யணும். பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்தால் சாய்ப்பு ஓரத்துக்குத் தகரவாரி ஆகிவிடும். முதல் மழையில் தூசியும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிடுங்கள். மருந்து, கெமிக்கல் இருந்த டிரம் வேண்டவே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணியைக் குடிக்கப் பயன்படுத்தாதீங்க, கழுவ, செடிக்கு ஊத்த வச்சுக்கலாம்.

நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை டிரம்மை மூடாமல் விட்டுட்டேன். ஒரு வாரத்துல உள்ளே புழு நெளியுது! டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணியில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக மாறச் சுமார் 7 முதல் 10 நாள் போதும். அம்மா கிட்ட நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். தண்ணியைக் கொட்டினா மட்டும் போதாது, முட்டை டிரம்மின் பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். தேங்காய் நாரால் அழுத்தித் தேய்க்கணும். இப்ப வாயில துணியை இறுக்கிக் கட்டி, மேல மூடியும் போட்டிருக்கோம்.

டிரம் காலியான பிறகு? இருக்கிற தண்ணியையே இரண்டு தடவை புழங்கலாம். காய் கழுவிய தண்ணி முருங்கைக்கு. அரிசி களைந்த தண்ணி பக்கத்து வீட்டு மாட்டுக்கு. ஆச்சி அதற்கென்றே ஒரு பானை வைத்திருக்கிறார்கள். சோப்புத் தூள் தண்ணியை மட்டும் தினமும் ஒரே செடிக்கு ஊற்றக் கூடாது. அதில் உள்ள சோடியம் சேரச் சேரக் கரிசல் இன்னும் இறுகிப் போகும். அந்தத் தண்ணியை நாங்க கக்கூஸ் கழுவ வச்சுக்கிறோம்.

இந்த வருஷம் இரண்டாவது டிரம் வாங்கணும்னு அப்பாகிட்ட கேட்டிருக்கேன். "மொதல்ல மழை வரட்டும்"னு சொல்லியிருக்காங்க. நானும் ஆச்சியும் தகரவாரியைத் துடைச்சு வச்சுட்டோம்.