பழைய படமும் புதிய இறுவட்டும்

"பழைய படத்துக்கு உயர்தர இறுவட்டு எதற்கு?" என்று நண்பர் ஒருவர் வினவினார். முன்பு நானும் அவர் கட்சியே. 'பதேர் பாஞ்சாலி'யைப் புளூ-ரே தட்டிற் கண்டபின் என் எண்ணம் மாறியது.

சத்யஜித் ராய் 1955இல் வெளியிட்ட அப்படத்தின் மூலச் சுருள், 1993இல் இலண்டனில் நேர்ந்த தீ விபத்திற் கருகியது. எஞ்சியவற்றை இத்தாலியின் பொலோனா நகரத்து வல்லுநர் அரும்பாடுபட்டுச் செப்பனிட்டனர். அழிந்த பகுதிகளைப் பிற பிரதிகளைக் கொண்டு நிரப்பினர். அவ்வுழைப்பின் பயனே 2015இல் வெளிவந்த தட்டு. துர்க்காவும் தம்பி அப்புவும் புகைவண்டி காண ஓடும் காட்சியில், நாணற்பூக்கள் தனித்தனியே அசைவதைக் கண்டேன். அந்நுட்பம் படச்சுருளில் என்றும் இருந்ததே. பழைய டீவீடீயின் 576 வரிகளுக்குள் அடங்காதது, புளூ-ரேயின் 1080 வரிகளில் வெளிப்பட்டது.

ஆயினும், தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்த தட்டு கீறல்களையே துலக்கிக் காட்டும். அதற்குப் பணம் கொடுப்பது வீண். பழைய நூலை வாங்குமுன், எந்த ஏட்டைக் கொண்டு பதிப்பித்தார்கள் என்று பார்க்கிறோம் அல்லவா? படத்துக்கும் அதுவே முறை. வயதைக் கேளாதீர்கள், மூலத்தைக் கேளுங்கள்.